மரத்துப்போகக் கூடாத கை

ஆரம்பாக்கத்துக்கு வந்திருந்த இலவச ஆபரேஷன் பஸ்ஸின் வாசலில், குடலிறக்க ஆபரேஷனுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்:

"கையில இருக்குற கட்டிய அறுக்கட்டும்மே. மரத்துப்போற ஊசி மட்டும் வேணாம்."

"இன்னாய்யா, லூசா நீ?"

"ஏரியில கையால தடவித்தானே எறா புடிக்கிறோம்? வெரலு அப்படியே மரத்துப் போச்சுன்னா சோத்துக்கு இன்னா பண்றது?"

"சாயங்காலம் சரியாயிடும்னு நர்சம்மா சொல்லுச்சே."

"அது எந்த ஏரியில எறா புடிச்சிச்சு?"

"கெளுத்தி முள்ளு குத்துனதுக்கே ஊரக் கூட்டுன ஆளு நீ!"

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸே அதிர அலறல் கேட்டது.

"நர்சம்மா, அந்த ஊசியப் போட்டுத் தொலைங்க!" என்று மனைவி கத்தினாள்.

"கத்தியே இன்னும் எடுக்கலம்மா! உள்ள வந்ததும் அவரே கேட்டாரேன்னு ஊசியத்தான் போடுறோம்!"

பின்னால் நின்றவருக்கு நான் பெருந்தன்மையோடு வழிவிட்டேன்.