நாலே எழுத்து படித்தவள் பேசுகிறேன்

தலைமைப் பீடத்தில் தகதகவென்று அமர்ந்திருக்கும், தாராளத்துக்குப் பேர்போன, எங்கள் முதலாளி திரு. லிங்கசாமி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்த பெருமக்களே! கட்டிங் அறைக் காளையரே! அயர்னிங் மேசையின் ஆவியில் குளித்து வந்திருக்கும் அண்ணன்மாரே! பவர்டேபிள் தையலில் பம்பரமாய்ச் சுழலும் பாசமிகு தாய்மாரே! என் உயிரினும் இனிய செக்கிங் சகோதரிகளே! பந்தலுக்கு வெளியே பொரிகடலைக்காகக் காத்திருப்பவர்களே, உங்களுக்கும் உண்டு, ஓடிவிடாதீர்கள்! அனைவருக்கும் பேட்டர்ன் அறை மூக்கம்மாளின் பணிவான வணக்கம்!

இந்த ஆயுத பூஜை விழாவில் நன்றியுரைக்கென்று எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நன்றி சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். துணி வெட்டப் படம் வரையும் நம் பேட்டர்ன் அறைக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்து பதினொரு நாளாகிறது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அதன் முன்னே அமரப்போவது யார்? கோவையிலிருந்து வரப்போகும் யாரோ ஒருவரா? நம் செக்கிங் மேசையில் நிற்கும் சாயிரா பானுவா? பதில் தெரியாமல் இந்த மைக்கை விடமாட்டேன்! காசிமாயன் அண்ணே, சூப்பர்வைசர் என்பதற்காகக் கடிகாரத்தைக் காட்டாதீர்கள். இது என்ன ஓவர்டைமா?

பெரியோர்களே! இரண்டாண்டுக்கு முன்னால் 'கேட்' படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். கம்ப்யூட்டரில் படம் வரையும் படிப்புக்கு அதுதான் பெயர். என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ புள்ள, கேட்டுல நிக்கிறதுக்கு என்னத்தப் படிக்கணும்? நம்ம வாட்ச்மேன் படிச்சிட்டா வந்தாரு?" என்றார். சிரிக்காதீர்கள், அவர் அதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்!

வேலம்பாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர். ஆசிரியை மெஹ்ஜபினுக்கு வயது இருபத்திரண்டு. மாணவி மூக்கம்மாளுக்கு முப்பத்தாறு. "உங்களுக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியுங்கக்கா?" என்று கேட்டார். நாலு எழுத்து தெரியும் என்றேன். அடக்கத்தில் சொன்னதாக நினைத்துவிட்டார். இல்லை தாய்மாரே, எண்ணிச் சொன்னேன்! எஸ், எம், எல், எக்ஸ்எல்! பனியனின் பிடரியில் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம்!

"ஒரு எழுத்து அடிச்சு என்டர் தட்டுனாப் போதுங்கக்கா, மெஷின் சொன்ன பேச்சக் கேக்கும்" என்றார் மெஹ்ஜபின். அட, ஆயிரம் எழுத்து வேண்டாம், அறிந்த எழுத்தே போதும் என்று துள்ளினேன். எம் அடித்தேன். மீடியம் வந்ததா? வரவில்லை! வரைந்து வைத்திருந்த கழுத்து நகர்ந்து தோளைத் தாண்டிப் போனது. எல் அடித்தேன். லார்ஜ் வந்ததா? ஒரே ஒரு கோடு வந்து நின்றது. விடுவேனா? எக்ஸ்எல் அடித்தேன். திரையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரைக்கும் ஒரு கோடு பாய்ந்தது. படத்தைச் சிறிதாக்கினேன், கோடு தீரவில்லை. இன்னும் சிறிதாக்கினேன், பனியன் பொட்டாகிப் புள்ளியாகி மறைந்தது, கோடு மட்டும் போய்க்கொண்டே இருந்தது! "அது முடிவே இல்லாத கோடுங்கக்கா" என்றார் மெஹ்ஜபின். "அந்த சைஸ வாங்குற பையர் யாரும்மா?" என்று கேட்டேன். அன்று வகுப்பு அதோடு முடிந்தது. சிரித்துச் சிரித்து ஆசிரியைக்குப் புரையேறிவிட்டது.

மறுவாரம் துணைக்கு சாயிரா பானுவையும் சேர்த்துவிட்டேன். எங்களுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? அட்டைப்பெட்டி மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் கீபோர்டு வரைந்தோம். மதியச் சாப்பாட்டில் ஒரு கை சோற்றில், ஒரு கை கீபோர்டில்! ஓ என்றால் தையலுக்கு இடம் விட்டு இன்னொரு கோடு. எம்-ஐ என்றால் கண்ணாடி. பாதி பனியன் வரைந்தால் மறுபாதி தானே வரும். எஸ் என்றால் ஸ்மால் அல்ல, இழுத்து நீட்டுவது! சாம்பார் சிந்தியதில் எங்கள் எஸ் பாதி அழிந்தே போனது. ஆனால் விரல் மறக்கவில்லை!

போன வருடம் விஜயதசமி. காலையில் முதலாளி செக்கிங் மேசையில் நின்ற என்னை, ஆள் காலியாக இருந்த பேட்டர்ன் அறைக்கு அழைத்தார்கள். "பையர் ரெண்டு சென்டிமீட்டர் நீளம் கேக்கறாருங்க. பத்து மணிக்குள்ள பேட்டர்ன் வரணும். முடிச்சீங்கன்னா இந்த சீட்டு உங்களுக்குத்தானுங்க. இல்லீன்னா செக்கிங்குக்கே போயிக்கலாங்க" என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினான்கு வருடம் நின்றே வேலை பார்த்தவளுக்கு அந்த நாற்காலியே சொர்க்கமாக இருந்தது! மவுஸைப் பிடித்தேன். நகரவில்லை. தட்டினேன், உதறினேன், கெஞ்சினேன். அசையவில்லை! கவிழ்த்துப் பார்த்தால் அடியில் உருளும் குண்டு முழுக்கச் சந்தனம்!

துப்புரவு செய்யும் நம் வேலாத்தாள் அம்மா ஓடி வந்தார். "மவுசுன்னா எலின்னு சொன்னாங்க கண்ணு. எலி பிள்ளையாரு வாகனமில்லீங்களா? அதான் மேல ஒரு பொட்டு, வவுத்துல ஒரு பொட்டு வெச்சேன்!" என்றார். அம்மா, நீங்கள் வைத்த பொட்டில் பிள்ளையாரே வண்டியை விட்டு இறங்கி நடந்திருப்பார்!

சுத்தம் செய்ய நேரமில்லை. மாற்று மவுஸும் இல்லை. என்ன செய்தாள் மூக்கம்மாள்? அழுதாளா? எழுந்தாளா? இல்லை, எழுத்தைத் தொட்டாள்! எஸ் அடித்தேன், என்டர் தட்டினேன். எந்தப் பகுதியை என்று கேட்டது மெஷின். முந்தின வாரம் பழகிப் பார்க்க நானே அளவெடுத்து ஏற்றிய பேட்டர்ன், மூலைக்கு மூலை எண் மனப்பாடம். சி அடித்து இரண்டு மூலை எண்களைச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டது. இரண்டு என்றேன். ஐயகோ, பனியன் நீளவில்லை, இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிப்போனது! யூ அடித்தேன். தையல் தவறினால் பிரிக்க வேண்டும், துணி தவறாக வெட்டினால் தொலைந்தது. இங்கே ஒற்றை யூ, எல்லாம் பழையபடி! மறுபடி எஸ், மறுபடி எண்கள், இம்முறை மைனஸ் இரண்டு. அழகாக இறங்கியது அடி ஓரம்! பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சாம்பிள் ஓகே ஆனது. நாற்காலி எனக்கானது!

கை தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். ஒரு வருடமாக நீங்கள் தட்டிய கைதட்டலில் பாதி திருட்டுச் சொத்து!

கீழே நீட்ட வேண்டுமென்றால் மைனஸ் போட வேண்டும். அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அளவுச் சீட்டைக் கொடுக்க வந்த ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் இருமினாள். எப்படி இருமினாள் தெரியுமா? "க்கும்... மைனஸுங்கக்கா... க்கும்!" சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாயிரா பானு, தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளியாதே, உன் பச்சைத் துப்பட்டா தெரிகிறது!

முதலாளி அவர்களே! கோவையில் கெட்டிக்காரர்கள் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நம் அளவு தெரிந்தவள், நம் பையரைத் தெரிந்தவள், நான் தப்புச் செய்தால் பின்னால் நின்று இருமுகிறவள் எங்கே கிடைப்பாள்? இந்தப் பொய்க்காக என் நாற்காலியை எடுத்தாலும் சரி, அவளுக்கு ஒன்று கொடுங்கள்!

எழுந்துவிட்டார்கள்... முதலாளி எழுந்துவிட்டார்கள். என்ன சொல்கிறார்கள்? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நானே சொல்கிறேன், கேளுங்கள்: "மூக்கம்மா, நீங்க உங்க சீட்டுலயே இருங்க. சாயிரா, மேல வாங்க. பொட்டிய நீங்களே பிரிங்க."

கேட்டீர்களா தாய்மாரே! கேட்டீர்களா அண்ணன்மாரே! இப்போது தட்டுங்கள், பந்தல் பறக்கட்டும்! காசிமாயன் அண்ணே, பெட்டியை மேடைக்குத் தூக்கி வாருங்கள். கத்தி தேடாதீர்கள். நூல் வெட்டி நூல் வெட்டித் தேய்ந்த டிரிம்மர் அவள் கழுத்திலேயே தொங்குகிறது. வெட்டு சாயிரா, டேப்பை வெட்டு! பந்தலே பார்த்துக்கொண்டிருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்கள் பொன்னான நெஞ்சங்களுக்கு நன்றி, வணக்கம்!