கொக்கியில் தொங்காத அட்டை

பெயருக்குப் பின்னால் பட்டங்களைப் போட்டுக்கொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. முதலில் கல்லூரிப் பட்டம். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் துறையில் தேர்வெழுதி வாங்கிய சான்றிதழ்கள். அவற்றிலும் பெரியது முன்னால், சின்னது பின்னால். மூன்றுக்கு மேல் போட்டால் பார்ப்பவர்கள் வாய்க்குள் சிரிப்பார்கள். காலாவதியானதை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். தேர்வில் தேறிவிட்டாலும் சான்றிதழ் கைக்கு வரும்வரை போடக் கூடாது.

நீங்கள் என் மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் அவனைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் நல்லது. குளிர்கிறது.

அவன் என் மனைவியின் தம்பி. எங்கள் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். நான் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர், அவன் என் கீழே. வந்த வேகத்தில் தேர்வு மேல் தேர்வாக எழுதினான். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு பெயருக்குப் பின்னால் ஏறிவிடும். அலுவலகத்தில் அவனுக்கு வால் என்று பெயர் வைத்தார்கள். வரவேற்பறைப் பெண் அவனிடமே சொல்வாள்: "இன்னும் ரெண்டு எழுத்து சேர்ந்தா உங்க அட்டையை மடிச்சுத்தான் மாட்டணும் சார்." அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. கேலி செய்தால் உறைக்க வேண்டாமா?

என் பெயருக்குப் பின்னால் நான் எதையும் போடுவதில்லை. அதை அடக்கம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

இப்போது அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்வர்கள் இருக்கும் அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் ஒரு வாயுவை வைத்திருக்கிறார்கள். கூரையில் இருக்கும் கருவி புகையை மோப்பம் பிடித்தால் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் வாயு திறந்துகொள்ளும். தீ மூச்சு முட்டி அணைந்துவிடும். உள்ளே ஆள் இருந்தால் அவருக்கும் அதேதான்.

ஆகவே கதவுக்கு வெளியே, சுவரில் பொருத்திய சுவிட்சில் ஒரு சாவி உண்டு. அதற்கு இரண்டு நிலைகள். ஒன்று 'தானாக', இன்னொன்று 'கையால்'. 'கையால்' பக்கம் இருந்தால் சங்கும் ஊதாது, வாயுவும் தானே திறக்காது. உள்ளே போகிறவர் சாவியைக் 'கையால்' பக்கம் திருப்பிவிட்டு, தன் பெயர் அட்டையை அருகில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். அட்டை தொங்கினால் சாவியை யாரும் தொடக் கூடாது. அட்டை இல்லையென்றால் அறையில் ஆளில்லை என்று பொருள். சாவியைப் பார்க்கிறவர் 'தானாக' பக்கம் திருப்பிவிட வேண்டும். பக்கத்திலேயே, வாயுவைத் தடுத்து நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தானும் இருக்கிறது.

அன்று காலை அவன் என் மேஜைக்கு வந்தான்.

"அத்தான், சர்வர் ரூம் பாதுகாப்புத் தேர்வு பாஸ். சான்றிதழ்தான் இன்னும் வரலை."

"சந்தோஷம் மாப்பிள்ளை. வரட்டும்."

கொஞ்சம் தயங்கி நின்றான். "மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாசத்திலிருந்து பிரிவை என்னைப் பாத்துக்கச் சொல்றார். நான் முடியாதுன்னுதான் சொன்னேன். நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல நினைக்க என்ன இருக்கு? போய் வேலையைப் பாரு," என்றேன்.

வேலை, சர்வர் அறையில் கேபிள் போகச் சுவரில் துளை போடுவது. மதியம் அந்தப் பக்கம் போனேன். கண்ணாடி வழியே அவன் முதுகு தெரிந்தது. காதை மூடும் கவசம் மாட்டிக்கொண்டு துளைபோட்டுக்கொண்டிருந்தான். சுவர்த்தூள் பறந்தது. அந்தத் தூளுக்கும் புகைக்கும் கூரைக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. சாவி 'கையால்' பக்கம் இருந்தது. கொக்கியில் அவன் அட்டை.

புது அட்டை. காலையில்தான் அச்சிட்டிருக்கிறான். பெயர், பட்டம், அதன்பின் பாதுகாப்புச் சான்றிதழின் நான்கு எழுத்துகள். கைக்கு வராத சான்றிதழ்.

முறையில்லாத அட்டையைத் தொங்கவிட என்னால் முடியாது. பிரிவின் தலைவர் அன்றைக்கு நான்தான். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கொக்கி காலியானது. கொக்கி காலியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. செய்தேன்.

சங்கு ஊதியது. அவன் திரும்பவில்லை. நல்ல கவசம், விலை உயர்ந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பிறகு வாயு திறந்தது. அவன் திரும்பியபோது என்னைத்தான் பார்த்தான், கதவை அல்ல. என் கையில் இருந்த அட்டையையும் பார்த்திருப்பான்.

அப்போது என் மனைவி போனில் கூப்பிட்டாள். "தம்பி போனை எடுக்கவே மாட்டேங்கிறான். சாப்பிட்டானா இல்லையா?"

"வேலையா இருக்கான்," என்றேன்.

பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தது, ஏன் அழுத்தவில்லை என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்தச் சுவரில் இன்னொரு வரியும் இருக்கிறது. சாவியையும் பொத்தானையும் நடப்பில் உள்ள பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் மட்டுமே தொடலாம். என்னுடையது காலாவதியாகி வெகு நாளாகிறது. புதுப்பிக்கும் தேர்வை இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், தேறவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அவனுக்கு மட்டும் தெரியும். அவனும் யாரிடமும் சொல்லவில்லை. தகுதி இல்லாதவன் பொத்தானைத் தொடுவது முறையல்ல. நான் முறைப்படி நடக்கிறவன்.

எழுதிக்கொண்டீர்களா? வாக்குமூலத்தின் கீழே என் பெயரை மட்டும் போடுங்கள். பின்னால் எதுவும் வேண்டாம்.

என்ன கேட்டீர்கள்? சாவியையா?

சாவியைத் திருப்பும்போது அந்த வரி என் நினைவுக்கு வரவில்லை.