அம்மாவின் பெயரை நான் பூட்டிய கதை

என் அம்மாவின் பிறந்த நாள் அம்மாவைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் பிறந்த தேதி ஒன்று, பாஸ்போர்ட்டில் இருப்பது இன்னொன்று. எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குக் குழம்பிவிடும். எனக்குக் குழம்பாது. பதினொரு வயதில் மெல்பேர்னில் வந்து இறங்கிய நாள் முதல் அது என் வேலை.

பொலிஸுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லியாயிற்று. ஆங்கிலத்தில் அது இரண்டு பக்கத்தில் அடங்கிவிட்டது. இது உங்களுக்கு. மூத்தோர் சங்கத்தில் மோசடிகளைப் பற்றி நான் பேசிய கூட்டங்களுக்கு வந்து, "பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினது" என்று சொல்லி, எனக்கு வடையும் தேத்தண்ணியும் தந்தவர்கள் நீங்கள். இப்போது கோயில் வாசலில் என்னைக் கண்டால் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கார்ப் பக்கம் நடக்கிறீர்கள். பாதி கேட்டுவிட்டு நடக்கிறீர்கள். மீதியையும் கேட்டுவிட்டு நடவுங்கள்.

என் பெயர் வினுஷா. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். அப்பா இல்லை. அம்மா இரஞ்சிதம் மல்கிரேவில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையலுக்கு நின்று என்னைக் கிளேட்டனில் படிப்பித்தார். பட்டதாரி மகள் என்றால் பெருமை என்கிறீர்கள். என்னைக் கேட்டால் அது வீட்டோடு சேர்த்துக் கட்டிய இலவச அலுவலகம். அம்மாவின் வங்கி, மின்சாரம், டெலிபோன், டொக்டர் எல்லா இடத்திலும் இருப்பது என் ஈமெயில், என் நம்பர். டொக்டர் சொன்னதை நான் சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு நோய் வரும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பற்றிக் குறை சொன்னபோதும் நான்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். கொஞ்சம் சுருக்கி. அம்மா டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார்.

படித்து முடித்ததும் ஒரு வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. பெயரைத் திருட்டுக் கொடுத்தவர்கள் அழுதுகொண்டு கூப்பிடும் இடம். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டுக்குத் தடை போடுங்கள் என்பதுதான். நீங்கள் எங்கே கடன் எடுத்தீர்கள், ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற விபரத்தைச் சில கம்பனிகள் வைத்திருக்கின்றன. அதைப் பார்க்காமல் எந்த வங்கியும் கடன் தராது. தடை போட்டால் அதை யாருக்கும் காட்ட மாட்டார்கள். கள்ளன் உங்கள் பெயரோடு போனாலும் வெறுங்கையோடு திரும்புவான். காசு கட்டத் தேவையில்லை. முதலில் மூன்று வாரம் போடுவார்கள், கேட்டால் நீட்டித் தருவார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு இந்த நாட்டில் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பனியிலிருந்து அம்மாவின் லைசன்ஸ் விபரங்கள் வெளியே போயின. அப்போது அம்மாவைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு தடை போட்டேன். போனில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மா "யெஸ், யெஸ்" என்றார். ஆபத்து நீங்கியதும் தடையும் முடிந்தது. அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

பிறகு விமலா அன்ரி வந்தார். அம்மாவோடு அதே குசினியில் வேலை, ஊர் திண்டுக்கல். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"வா வினு. உங்கம்மா இன்னையிலருந்து மொதலாளி."

"சும்மா இரு விமலா. இன்னும் திறப்பே கைக்கு வரேல்லை."

"சாவி வந்ததும் மொதல்ல உங்க வாயைத்தான் பூட்டணும்க்கா. வர்ற கஸ்டமர்கிட்டல்லாம் உப்பு சரியா, உறைப்பு சரியான்னு கேட்டுக் கேட்டே வெரட்டிருவீங்க."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். கிளேட்டனில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை கைமாற இருந்தது. காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் விமலா அன்ரியின் பிரியாணி. அடுப்புக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இருவர் பெயரிலும் கடன் கேட்டு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"ஃபோர்ம் ஆர் நிரப்பினது?" என்றேன்.

"நாங்கள் ரெண்டு பேரும்தான். கனக்கப் பிழை விட்டனாங்கள். திருப்பித் திருப்பி எழுதினனாங்கள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ களைச்சு விழுந்து வாறனி பிள்ளை. உனக்கு ஏன் கரைச்சல் எண்டுதான்."

கரைச்சல். பதினாறு வருடம் நான் செய்த வேலைக்கு அம்மா வைத்த பெயர்.

நான் கோபப்படவில்லை. நிதானமாக யோசித்தேன். சாப்பாட்டுக் கடைகள் திறப்பதும் மூடுவதும் எல்லோரும் பார்ப்பதுதான். அம்மாவின் லைசன்ஸ் படம் இன்னொருவரின் போனில் இருக்கிறது. எங்கள் பிரிவில் பழக்கும்போது இதைத்தான் ஆபத்து என்று சொல்லித் தருவார்கள். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் காருக்குள் இருந்து கிரெடிட் ரிப்போர்ட் கம்பனிக்குக் கூப்பிட்டேன். தடை போடச் சம்பந்தப்பட்டவர்தான் பேச வேண்டும். ஆகவே அம்மாவாகப் பேசினேன்.

அது கஷ்டமாக இருக்கவில்லை. "மை இங்கிலிஷ் நோ குட், சேர். ஸ்லோ, ப்ளீஸ்." பேசியது ஒரு பெண். அம்மா பெண்களையும் சேர் என்பார் என்பதால் நானும் அப்படியே சொன்னேன். பிறந்த தேதியை முதலில் பிழையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, திருத்திச் சொன்னேன். இடையில் கொஞ்சம் இருமினேன். இருமல் தேவைப்பட்டிருக்காது. ஆனால் எடுத்த காரியத்தை ஒழுங்காகச் செய்து பழக்கம். அந்தப் பெண் மிகவும் இரக்கமானவள். 'டேக் யுவர் டைம், டார்லிங்' என்றாள். எனக்குச் சொந்தக் குரலில் யாரும் அப்படிச் சொன்னது கிடையாது.

கடன் கொடுக்கும் இடத்திலிருந்து கிரண் என்றொரு பையன் கூப்பிட்டான். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பிள்ளை, என்னவோ தடதடவெண்டு சொல்லுறான். ஒருக்காக் கேள்" என்று போனை நீட்டினார். அவன் சொன்னது எளிமையானது. இருவரின் வருமானமும் போதும், அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒரு தடை மட்டும் இருக்கிறது, அம்மா ஒரு முறை கூப்பிட்டு அதை நீக்கச் சொன்னால் கடன் வந்துவிடும். அம்மா கைகளைச் சட்டையில் துடைத்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

"சரிவரேல்லையாம் அம்மா."

"ஏனாம்?"

"வயசு போட்டுதாம். உங்கட சம்பளத்தை நம்பிக் குடுக்கேலாதாம்."

அம்மா கையைத் துடைத்து முடித்தார். "ஓம். அதுவும் சரிதானே" என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் வெட்டினார். அன்றைக்கு நல்ல குழம்பு. நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

விமலா அன்ரி விடவில்லை. "எனக்கு அம்பத்திரண்டு, உங்களுக்கு அம்பத்தஞ்சு. எனக்கு ஓகே, உங்களுக்கு மட்டும் வயசாயிருச்சா? வாங்கக்கா, நேர்லயே போய்க் கேப்போம்" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. அன்று பின்னேரம் அம்மா கைப்பையைக்கூட வைக்காமல் என்னிடம் கேட்டார்.

"என்ர பேரில தடை இருக்காம். ஆர் போட்டது?"

"ஆராவது உங்கட பேரில கடன் எடுக்கப் பாத்தா தடை வரும் அம்மா. உங்கட லைசன்ஸ் படம் ஆரிட்டை இருக்கு?"

"உன்னட்டை இருக்கு. கடைக்கு எண்டு விமலாவும் வச்சிருக்கிறா."

"அப்ப யோசிச்சுப் பாருங்கோ."

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விமலா அன்ரியின் பெயரை நான் சொல்லவே இல்லை. பொலிஸிடமும் இதை வற்புறுத்திச் சொன்னேன். விசாரணை முடியும் வரைக்கும் தடையை எடுக்க முடியாது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். மூன்று வாரம் முடியும் முன் அதை நீட்டியும் வைத்தேன். இரண்டு பெண்களும் ஒரே குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். கடையை வேறு யாரோ எடுத்தார்கள். இப்போது அங்கே பிளாஸ்டிக் குவளையில் பால் தேநீர் விற்கிறார்கள். மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த இடத்தில் கடை ஓடாது என்று நான் நினைத்தது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. உங்கள் கூட்டத்தில், பெயர் திருட்டுப் போனால் வெட்கப்படாமல் பொலிஸுக்குப் போங்கள் என்று சொன்னேன் அல்லவா? அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். அடுத்த கிழமை என்னிடம் சொல்லாமல் பஸ் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்தார்.

"விமலா அன்ரியைப் பிடிச்சுக் குடுத்திட்டீங்களா?" என்றேன்.

"விசரே உனக்கு? அவ செய்யேல்லை எண்டு பொலிஸ் கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். அவவின்ர முதுகைப் பாத்துப் பாத்து எனக்குச் சோறு இறங்குதில்லை."

அந்தக் கிரெடிட் ரிப்போர்ட் கம்பனி எல்லா அழைப்புகளையும் பதிவுசெய்து வைக்கும். எனக்கு இது தெரியும், என் தொழில் அது. ஆனால் கேட்கப் போகிறவர்கள் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். தடை கேட்டுப் பேசிய குரல் யாருடையது என்று அடையாளம் காணப் பொலிஸ் எங்களை அழைத்தது. சின்ன அறை. அம்மா, விமலா அன்ரி, ஓர் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் கிரிஜா. சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாதாம். அம்மாவோடு போன ஓர் இடத்தில் எனக்கு வேலை எதுவும் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பதிவைப் போட்டார்கள். "மை இங்கிலிஷ் நோ குட், சேர்" என்றது குரல்.

"அய்யோ, இது நீங்கதானேக்கா!" என்றார் விமலா அன்ரி. அத்தனை நாளுக்குப் பிறகு அம்மாவிடம் அவர் பேசிய முதல் சொல்.

அம்மா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிழையான பிறந்த தேதி வந்தது. மன்னிப்பு வந்தது. இருமல் வந்தது. இருமலின்போது அம்மா என் பக்கம் திரும்பினார். ஏன் செய்தாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன.

"நான் இப்பிடியே கதைக்கிறனான், பிள்ளை?" என்றார்.

உண்மையைச் சொன்னால், அப்படித்தான் பேசுவார். கிரிஜா அதை மொழிபெயர்த்தார். அதிகாரிக்கு விளங்கவில்லை. இது உங்கள் குரலா என்று அம்மாவையே கேட்டார். அம்மா கிரிஜாவுக்காகக் காத்திருக்கவில்லை.

"நோ. தட் இஸ் மை டோட்டர்" என்றார். மெதுவாக, தடுமாறாமல்.

அவ்வளவுதான். தடையைப் போட்டது நான். அம்மாவின் பெயரைத் திருடியது நான். நான் தேடிக்கொண்டிருந்த கள்ளன் போகக்கூடிய தூரத்தைவிட அதிக தூரம் போனேன். அவன் அம்மாவின் காசோடு நின்றிருப்பான். நீதிமன்றத் தேதி வந்திருக்கிறது. வேலை போய்விட்டது. அம்மா இப்போது விமலா அன்ரி வீட்டில் இருக்கிறார். வார இறுதியில் இருவரும் சேர்ந்து பிறந்தநாள் வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்களாம். உங்களில் சிலரே வாங்கிச் சாப்பிடுகிறீர்கள். நன்றாகத்தான் இருக்கும்.

தடையை அம்மாவே கூப்பிட்டு எடுத்துவிட்டார். என் ஈமெயிலையும் என் நம்பரையும் எல்லா இடத்திலும் மாற்றிவிட்டார். அதாவது இப்போது என் அம்மாவின் பெயர் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. ஆகவே போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் கூப்பிட்டேன், அம்மாவாக.

இந்த முறை ஒரு ரகசியச் சொல் கேட்டார்கள். அம்மா புதிதாக வைத்ததாம். என் பெயரைச் சொன்னேன். இல்லை என்றார்கள். அம்மா மட்டும் கூப்பிடும் என் வீட்டுப் பெயரைச் சொன்னேன். அதுவும் இல்லை. இன்னும் ஒரு முறைதான் சொல்லலாம் என்றார்கள். எனக்கு வேறு சொல் எதுவும் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இதில் எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் பெயரை ஒருபோதும் ரகசியச் சொல்லாக வைக்காதீர்கள் என்று உங்கள் கூட்டத்தில் சொன்னது நான்தான். அம்மா இன்னும் என் பேச்சைத்தான் கேட்கிறார்.