அன்ரனாவைச் சுற்றி ஒரு ட்ரோன்

மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்சில், முன் சீற்றிலிருந்த பெண் சொன்னதைக் கேட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

“அண்ணை, நான் செய்த அன்ரனா இவ்வளவு நாளும் முதுகாலதான் கதைச்சிருக்கு.”

பக்கத்திலிருந்தவர் அவளுடைய அமெச்சூர் ரேடியோக் குழுவின் தலைவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“என்ன விசர்க்கதை, தங்கச்சி?”

“ட்ரோனில சின்ன ட்ரான்ஸ்மிற்றரைக் கட்டி, அன்ரனாவைச் சுத்திப் பறக்கவிட்டுப் பாத்தனான். நாங்கள் முன்பக்கம் எண்டு நினைச்ச பக்கம் நிக்கேக்க சிக்னல் சாகுது. பின்னுக்குப் போனோடன துள்ளுது. இஞ்ச, போனில கிராப்பைப் பாருங்கோ.”

“அதுதானே கொழும்பில வாங்குவம் எண்டனான். வெள்ளத்தில போன் செத்தா ரேடியோதான் கதி. உம்மட அன்ரனா உடுப்புக் காயப்போடத்தான் உதவும்.”

“அன்ரனா திறம், அண்ணை. முல்லைத்தீவைப் பாக்க வேண்டியது மன்னாரைப் பாத்துக்கொண்டு நிண்டது. ஆர் அதைக் கம்பத்தில கட்டினது?”

அவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

“நான்தான்.”

“நேற்றுத் திருப்பிக் கட்டினனான். முல்லைத்தீவு கணீரெண்டு கேட்டுது! கொழும்பில வாங்கத் தேவையில்லை எண்டு குழுவுக்குச் சொல்லுங்கோ.”

“இறங்கிச் சொல்லுறன்.”

“இப்பவே சொல்லுங்கோ.”

அவர் போனை எடுத்தார். “தம்பி, கொழும்பு அன்ரனா வேண்டாம். தங்கச்சி செய்ததே காணும். அது... நான்தான் பின்முன்னாக் கட்டிப்போட்டன்.”

“கத்திச் சொல்லுங்கோ, அண்ணை,” என்றாள் அவள். “பஸ்சில கடைசிச் சீற்றில இருக்கிறவைக்கும் கேக்கட்டும்.”