வெள்ளையம்மாள் பேர்ல இருக்கிற லைன்

— ‘வந்துட்டேங்க’ன்னு எப்படி சித்தி உங்க வாயால சொல்ல முடிஞ்சுது?

— மெதுவா பேசு எழிலு. லைன்மேன் காசி மாடியிலதான் ஒயரு இழுத்துட்டு இருக்காரு. காதுல விழப்போவுது.

— விழட்டும். எங்கம்மா செத்துப்போய் எத்தனை வருஷமாச்சு. ‘வெள்ளையம்மா ஊர்லேர்ந்து வந்துட்டீங்களா’ன்னு அவர் உங்களப் பாத்துக் கேக்கறாரு. நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டு வந்துட்டேன்னு சொல்றீங்க.

— நான் என்னா பண்ணுவேன், நீயே சொல்லு. வாசல்ல டெலிபோன் ஆபீசரு நின்னுட்டு இருந்தாரு. ஃபோன் யாரு பேர்ல இருக்குதோ அவங்க நேர்ல இருந்தாதான் பிராட்பேண்டு குடுப்போம், இல்லன்னா பேர மாத்திட்டு அப்புறமா வாங்கன்னுட்டாரு. இந்தத் தெருவுக்கு ஒரு கனெக்‌ஷன்தான் பாக்கி இருக்குதாம். நம்ம பேர மாத்திட்டு வர்றதுக்குள்ள அது வேற வூட்டுக்குப் போயிடும்.

— போனா போகுது.

— அப்படி சொல்லாத. திங்கக்கெழம நீ வேலையில சேரணும். வூட்ல நெட்டு இல்லன்னா அந்த மெட்ராஸ் கம்பெனிக்காரன் வேற ஆளப் பாத்துப்பான்னு நேத்து சோறுகூட துன்னாம படுத்தது யாரு? டாக்டருங்க பேசறத கேட்டு டைப் அடிக்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்ச.

— அதுக்காக எங்கம்மா பேர நீங்க எடுத்துக்குவீங்களா?

— எனக்கு மட்டும் நல்லாவா இருக்குது? அவங்க அடுப்புல சமைக்கறேன். அவங்க பெத்த பொண்ணுக்குத் தலை பின்னி வுட்டேன். அந்தப் பேரு ஒண்ணதான் தொடாம வெச்சிருந்தேன். இன்னிக்கு அதையும் வாயில போட்டுக்கிட்டேன். அவரு மாடிக்குப் போனதுலேர்ந்து சாமி படத்த நிமிந்து பாக்க முடியல என்னால.

— அப்பா ஏன் இன்னும் பேர மாத்தல?

— மனசு வரல அவருக்கு. நானும் கேட்டதில்ல.

— இப்ப எங்க போயிருக்காரு?

— அடி அண்ணாமலையில, கொல்லையில பயிருக்குத் தண்ணி வுடணும்னு விடிஞ்சதும் கெளம்பிட்டாரு. லைன்மேன் வர்றாரு, இருங்கன்னு சொன்னேன். நீயே பாத்துக்கோன்னுட்டாரு.

— போவாரு, போவாரு. அவர் ஆரம்பிச்சு வெச்ச பொய்தானே இது.

— என்னா சொல்ற?

— அப்ப நீங்க இந்த வீட்டுக்கு வரல. ஃபோன் வேணும்னு எழுதிப் போட்டது எங்கம்மா. வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. வேலூர் ஆஸ்பத்திரியில அவங்க செத்த மறுமாசம் ஃபோன் வருது. ஆள் இல்லன்னு சொன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு, வந்த ஆபீசர்கிட்ட அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? ‘அவ கீழ்பென்னாத்தூர்ல அம்மா வீட்டுக்குப் போயிருக்கா’ன்னு. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்.

— அய்யோ. நீ அப்ப சின்னப் புள்ளயாச்சே.

— ரெண்டாங்கிளாஸ். காரியமெல்லாம் முடியற வரைக்கும் என்னை அத்தை வீட்ல விட்டிருந்தாங்க. நான் எதையும் கண்ணால பாக்கல. அம்மா சாமிகிட்ட போயிட்டான்னு எங்கிட்ட சொன்னவரும் அப்பாதான். எதை நம்பறது சொல்லுங்க. நான் கீழ்பென்னாத்தூரத்தான் நம்பினேன்.

— எழிலு...

— அதோட விட்டாரா? ஃபோன் பக்கத்துலயே உக்காந்திரு, அம்மா பேசுவான்னு வேற சொன்னாரு. ஸ்கூல் விட்டு வந்தா விளையாடக்கூடப் போகமாட்டேன். மணி அடிச்சா ஓடிப்போய் எடுப்பேன். யார் யாரோ பேசுவாங்க. அழுதழுது ஒரு நாள் நானே புரிஞ்சுக்கிட்டேன்.

— அதனாலதான் அவருகிட்ட நீ மொகம் குடுத்துப் பேசறதில்லியா? நான் வந்ததாலதான்னு இத்தனை வருஷமா எனக்குள்ளயே வெச்சு மருகிட்டு இருந்தேனே.

— உங்களால இல்ல சித்தி. எங்கம்மா செத்ததக்கூட தாங்கிக்கிட்டேன். அவர் என்னை அப்படி உக்கார வெச்சத மட்டும் என்னால மன்னிக்க முடியல.

— உங்கப்பா அப்படி சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தோணல. உன் விஷயத்துல வெளையாட்டுக்குக்கூட பொய் சொல்லாத மனுஷன் அவரு.

— எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆம்பளக் குரல். வேற யாரு சொல்லப்போறாங்க?

— இரு, காசி எறங்கி வர்றாரு. கண்ணத் தொடச்சுக்கோ.

— மேடம், அவ்ளோதான், வேலை முடிஞ்சுது. ஜன்னல் வழியா வர்ற ஒயர பைப்புக்குள்ள வுட்டிருக்கேன். இங்க மலைக் கொரங்குத் தொல்லை ஜாஸ்தி, தொங்கறதப் பாத்தா புடிச்சு இழுத்துடும். பொட்டியில பச்சை லைட்டு எரியுது பாருங்க. ஆபீசரும் கெளம்பிட்டாரு.

— டீ போடறேன், உக்காருங்க.

— காசி அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும்.

— எழிலு, வேணாம். அவரு டீ குடிச்சுட்டுப் போவட்டும்.

— இவங்க வெள்ளையம்மா இல்லண்ணா. எங்க சித்தி, பேரு கீதாஞ்சலி. எங்கம்மா உயிரோட இல்ல. எனக்காகத்தான் இவங்க பொய் சொன்னாங்க. நீங்க ஒயர கழட்டிட்டுப் போறதுன்னாலும் சரி.

— தெரியும் பாப்பா.

— என்ன தெரியும்?

— உங்கம்மா இல்லன்னு மொத மொதல்ல ஃபோன் மாட்ட வந்த அன்னிக்கே தெரியும். இன்னிக்கு ஆபீசர் காதுல விழணுமேன்னுதான் ஊர்லேர்ந்து வந்துட்டீங்களான்னு சத்தமா கேட்டேன். மேடம், சங்கடமா இருந்திருக்கும், மன்னிச்சிடுங்க.

— அப்ப கழட்ட மாட்டீங்களா?

— நான் எதுக்கும்மா கழட்டப்போறேன். இந்த வூட்டுக்கு இனிமே வரவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஃபோன் ரிப்பேர்னு சொன்னாக்கூட வேற ஆளத்தான் அனுப்புவேன். இன்னிக்கு வேற ஆளு கெடைக்கல.

— எங்க வீட்டு மேல அப்படி என்னண்ணா?

— உனக்கு ஞாபகம் இல்லியா பாப்பா? நான் ஃபோன் மாட்டும்போது பக்கத்துல வந்து நின்ன. இதுல எங்கம்மா பேசுவாங்களான்னு கேட்ட. எனக்கு ஒண்ணும் தெரியாது. ஊருக்குத்தான் போயிருக்காங்கன்னு நெனச்சேன். பக்கத்துலயே உக்காந்திரு, அம்மா பேசுவான்னு சொன்னேன்.

— நீங்களா?

— நாந்தாம்மா. உங்கப்பா அதைக் கேட்டுட்டு என்னை வாசலுக்கு இழுத்துட்டுப் போனாரு. அங்கதான் உண்மையச் சொன்னாரு. ‘எம் பொண்ணுகிட்ட நான் ஒரு பொய்யும் சொன்னதில்ல, நீ ஏன்யா சொன்ன’ன்னு நின்னு அழுதாரு.