இரண்டு விரல் இடம்

நாற்றுக்குத் தொட்டி தேர்ந்தெடுப்பதில் பலரும் ஆசைப்பட்டுத்தான் கெடுக்கிறார்கள். விரல் நீளச் செடியைக் கொண்டுபோய் அண்டா மாதிரி தொட்டியில் வைப்பார்கள். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் வேர் அழுகும். பழைய தொட்டியைவிடப் புதியது சுற்றிலும் இரண்டு விரல் அகலமாக இருந்தால் போதும். இது என் விதி. தற்பெருமை என்று நினைக்கவேண்டாம். பதினோரு ஆண்டுகளாக மாடித் தோட்டச் சங்கத்தின் தலைவன், இதைப் பற்றி ஒரு நூலும் எழுதியவன் வேறு எப்படிச் சொல்வது? நூலின் அட்டையில் இருப்பவையும் என் விரல்கள்தான்.

என் மனைவியின் தம்பி லாரி ஓட்டுபவன். எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தான். லோடு இல்லாத நாட்களில் செடி வைப்பான். தொட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவான். தோட்டக் கலையில் அவனுடைய படிப்பு அவ்வளவுதான்.

சங்கக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எழுந்தான்.

"அத்தான், ஒரு சந்தேகம். காட்டுல இருக்கற மரத்துக்கெல்லாம் யாரு ரெண்டு விரல் அளந்து விட்டா?"

நாற்பது பேர் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்; அதுதான் மரியாதை என்பது அவர் நினைப்பு.

அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"நம்ம மொட்டை மாடியில பழைய சிமெண்ட் தண்ணித் தொட்டி சும்மாதானே கெடக்கு? எலுமிச்சங்கன்னு ஒண்ண அதுல வைக்கிறேன். ஆறு மாசத்துல வாடிப்போச்சுன்னா உங்க புஸ்தகத்த மனப்பாடமா ஒப்பிக்கிறேன். தழைச்சுதுன்னா அட்டையில என் விரலையும் போடுங்க."

சங்கம் இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொண்டது.

மறுநாள் காலை அவன் அந்தத் தொட்டிக்குள் இறங்கி, குனிந்து மண் பரப்பிக்கொண்டிருந்தான். ஆள் நின்றால் மார்பு வரை வரும் தொட்டி.

"அத்தான், அந்த மண்வெட்டிய இப்படிக் குடுங்க. பாத்து, விரலு பத்திரம்."

கொடுத்தேன். ஓங்கித்தான் கொடுத்தேன், இரண்டு முறை. தூக்கிச் சுமக்கும் வேலை இருக்கவில்லை. அவன் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தான். மீதி மண் மூட்டைகளை நான் கொட்டினேன். வெறும் தொட்டி கேள்வி கேட்க வைக்கும் என்பதால் கன்றையும் நட்டேன். அவனுடைய போனை ஏரியில் போட்டேன். வீட்டில், தொலைதூர லோடு என்றேன்.

கன்று வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை.

மாலைதோறும் என் மனைவி அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தம்பி செய்வதுபோலவே தொட்டியைத் தட்டிப் பார்ப்பாள். "எங்கடா போய்த் தொலைஞ்சே? வந்து உன் செடியப் பாரு" என்பாள். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அதே தட்டல் கேட்டது, உள்ளிருந்து. மண் காய்ந்து சுருங்கும்போது அப்படி ஓசை வரும் என்று என் நூலின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. இல்லையென்றால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுவேன்.

பிறகு அடித்துளை வழியாக வேர் வெளியே வந்தது. வெள்ளையாக, இரண்டு. கத்தரித்தேன். மறுநாள் காலை அதே இடத்தில், அதே நீளத்தில் இருந்தன. தினமும் கத்தரித்தேன்.

ஆறாம் மாதம் சங்கத்தார் படியேறி வந்தார்கள். கன்று கரும்பச்சையாக, கிளைவிட்டு நின்றது.

"தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. விதிய எடுத்துடலாமா?" என்றார் செயலாளர்.

ஏகமனதாக எடுத்தார்கள். "என் தம்பி ஜெயிச்சுட்டான். இதப் பாக்க அவன் இல்லையே" என்று என் மனைவி அழுதாள். அட்டைக்கு அவன் விரல்களின் படம் இருக்கிறதா என்று யாரோ விசாரித்தார்கள்.

அதனால்தான், ஐயா, நானாகவே உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். மனசாட்சி, கினசாட்சி என்று எதுவும் எழுதவேண்டாம். அவர்கள் தொட்டியை வெளியிலிருந்து அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உள்ளே எவ்வளவு இடத்தை அவன் எடுத்துக்கொண்டான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தோண்டும்போது செயலாளரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். அளவு நாடாவை அவர் கையில் கொடுங்கள். என் மனைவியின் தம்பியைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செடிக்கு மிஞ்சியது சுற்றிலும் இரண்டு விரல்தான்.