பொன்னுச்சாமியின் கிடங்கும் சமரசர் தேவசேனா அம்மையாரும்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மலைக் காய்கறி வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மூத்த வழக்கறிஞர்களே, பூண்டியிலிருந்து முதல் பேருந்தில் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, கடையை அடைத்துவிட்டுப் பழனியிலிருந்து மலையேறி வந்திருக்கும் வணிகப் பெரியோர்களே, அம்மையாரின் மகள் முருகேஸ்வரி அவர்களே, வழக்கறிஞர் பழனிக்குமாராகிய என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் சமரசர் தேவசேனா அம்மையார் மறைந்துவிட்டார்!

கன்னிவாடியில் பிறந்தவர். திண்டுக்கல்லில் வாதாடிப் பெயர் வாங்கியவர். நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தபோதே வாதாடுவதை நிறுத்திவிட்டு, நீதிமன்றத்தின் சமரச மையத்தில் வந்து உட்கார்ந்தார். அதிலும் எந்த வழக்குகளைக் கேட்டு வாங்கினார்? நொடித்துப்போனவர்களின் வழக்குகளை! கடனை அடைக்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவை நம் பக்கத்தில் மஞ்சள் கடுதாசி என்போம். அதைக் கொடுத்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மனிதனையும், அவனிடம் ஏமாந்தவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவர் நம் அம்மையார்.

பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு வழக்கைச் சொல்கிறேன். சமரச அறையில் பேசியதை வெளியில் சொல்லக் கூடாது, அது சட்டம். ஆனால் சம்பந்தப்பட்ட மூவருமே நேற்று என்னிடம், "சொல்லுங்க சார், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்கள். மூவரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

பெருமாள்மலையில் பொன்னுச்சாமி அவர்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. மலைக் காய்கறியை வாங்கிக் கீழே அனுப்புவார். ஒரு மழையில் மண் சரிந்து பாதை அடைபட, லாரி லாரியாகக் காரட் அழுகியது. அதிலிருந்து அவர் எழவே இல்லை. மஞ்சள் கடுதாசி கொடுத்தார். நீதிமன்றம் நியமித்த அதிகாரி கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்தார்.

உள்ளே பூண்டி சோலையம்மாள் அவர்களின் விதைப்பூண்டு இருந்தது. நம்பிக்கையில் வைக்கக் கொடுத்தது, ரசீது கிடையாது. கிடங்கிலிருப்பதை எல்லாம் ஏலம் விட வேண்டும் என்றார் பழனி மொத்த வியாபாரி இப்ராம்சா அவர்கள். அவருக்கும் பெரும் தொகை நின்றது. கோடை மழை விழுந்ததும் பூண்டு நட வேண்டும். வழக்கு முடியும் வரை மழை காத்திருக்குமா? விதை காத்திருக்குமா?

நீதிமன்றம் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. பொன்னுச்சாமியின் வழக்கறிஞராக நானும் அங்கே இருந்தேன்.

முதல் நாள் ஒரே சத்தம். "ஏலே பொன்னுச்சாமி, ஒன்னைய நம்பித்தானலே குடுத்தேன்! கிடங்கத் தெறக்கச் சொல்லு!" என்றார் சோலையம்மாள். "எனக்கும்தாம்மா வர வேண்டியது கெடக்கு. தெறந்து வித்தாத்தானே வரும்?" என்றார் இப்ராம்சா. அம்மையார் யாரையும் அடக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பொன்னுச்சாமியையும் என்னையும் மட்டும் தனியே அழைத்தார்.

"எல்லாரும் கிடங்க வெரசா தெறக்கணும்னு நிக்கிறாங்க. நீங்க மட்டும் அவசரப்படலையே, ஏன்?"

பொன்னுச்சாமி என் பக்கம் திரும்பினார். அம்மையார் தொடர்ந்தார்.

"இங்க பேசுறத நான் கோர்ட்டுல சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனா இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு அந்தக் கதவு தெறக்கத்தான் போகுது. அப்ப சோலையம்மா அக்கா எதப் பாக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க."

பொன்னுச்சாமி சொல்லிவிட்டார். "விதையில பாதிய வித்துட்டேம்மா. வாடகை பாக்கி கேட்டு லாரிக்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. வேற வழி தெரியல."

அவருடைய வழக்கறிஞர் நான். எனக்கே அது அன்றுதான் தெரியும்! நீதிமன்றக் கூண்டில் நின்றிருந்தால் இந்த உண்மை வந்திருக்குமா?

"இத அவங்ககிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார் அம்மையார். பொன்னுச்சாமி எல்லார் முன்னாலும் சொன்னார். சோலையம்மாள் திட்டவில்லை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இப்ராம்சா கேட்டார்: "யாருக்குப்பா வித்த? எனக்குத் தள்ளிவிட்டியே, அந்தப் பூண்டா?"

"ஆமா பாய்."

"அது இன்னும் எங்கிட்டத்தான் கெடக்கு. வெல ஏறட்டும்னு வச்சிருக்கேன்."

நான் பேச வாயெடுத்தேன். அம்மையார் என் கையைத் தொட்டுத் தடுத்தார். திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. "பாய், நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார். அவ்வளவுதான்! பிறகு காத்திருந்தார்.

இப்ராம்சா சொன்னார்: "நடுற விதைய நசுக்கித் திங்கவா விக்கிறது? அம்மா கொண்டு போகட்டும். ஆனா வெளைஞ்சா மொதச் சுமை எங் கடைக்கு வரணும்."

"ஒங்களுக்கில்லாம வேற யாருக்கு, பாய்?" என்றார் சோலையம்மாள்.

கிடங்கிலிருந்த மீதி விதை ஏலத்தில் சேராது என்பதற்கும் இப்ராம்சா சம்மதித்தார். பொன்னுச்சாமி தன் சொந்த லாரியை விற்றுக் கொடுப்பது, வீடு அவருக்கே இருப்பது, மீதிக் கடனை அறுவடைக்கு அறுவடை அடைப்பது என்று முடிவாயிற்று. நீதிமன்றம் ஏற்றது. மழைக்கு முன்பே விதை மலையேறியது. இறக்கி வைத்தவர் பொன்னுச்சாமிதான். சோலையம்மாள் அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வருத்தப்பட்டுச் சொன்னபோது அம்மையார் சிரித்தார். "பேசணும்னு ஒப்பந்தத்துல எழுதலையே, வக்கீலு!"

எல்லா வழக்கும் இப்படி முடிந்ததா? இல்லை. எத்தனையோ பேர் மேசையைத் தட்டிவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது அம்மையார் அதே முகத்துடன் வரவேற்றார். தோற்றவனைக் கெஞ்ச விடாதவர்! ஏமாந்தவனைப் பொறுத்துப்போ என்று வற்புறுத்தாதவர்! அப்படி ஒருவரை இனி எங்கே தேடுவோம்?

அன்பர்களே, ஏரிச் சாலைப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு விடுதியின் வழக்கு அம்மையாரிடம் பாதியில் நிற்கிறது. முதலாளி நொடித்துவிட்டார், வேலை செய்தவர்கள் எதிர்த்தரப்பு. அம்மையாரை அடக்கம் செய்துவிட்டு நான் வெளியே வந்தபோது, அந்த விடுதியில் சமையல் வேலை பார்த்த நல்லசாமி என்னை நிறுத்தினார்.

"சார், அம்மா போயிட்டாங்கன்னு வாய்தா போட்டுறாதீங்க. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."

அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார் விடுதி முதலாளி. "ஆமா சார்" என்றார்.

அம்மையாரே! அந்தப் பேச்சு நிற்காது. உங்களிடம் பயின்ற நாங்கள் முறைவைத்து அந்த மேசையில் அமர்வோம். எங்களுக்கு உங்கள் பொறுமை இல்லை, பழகிக்கொள்வோம். வரும் புதன்கிழமை நல்லசாமியும் அவர் முதலாளியும் வருவார்கள். அவர்களுக்கு முன்பாகவே நாங்கள் அங்கே இருப்போம்.